தினமும் தண்டால்: நான்கு திட்டங்களில் வேலூர் வாழ்க்கைக்கு ஒத்துவருவது எது?

முப்பது நாள் தண்டால் சவாலை ஏற்றுக்கொள்ள வேலூரில் எவருக்கும் பெரிய செலவு கிடையாது. ஆள் படுக்கும் அளவுக்குத் தரையும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். அதனால் சவாலை ஏற்பதில் யாரும் தயங்குவதில்லை. எந்தத் திட்டப்படி எடுப்பது என்பதைத்தான் யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘தினம் நூறு’ என்று போட்டால் குழு முழுவதும் நூறுக்குப் போகிறது. இன்னொருவர் ‘நாளுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போவோம்’ என்றால் அதுவும் நியாயமாகவே படுகிறது. இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மன உறுதி போதவில்லை என்று அவர்களைச் சொல்லிவிடுவது எளிது. என் கணிப்பில், பெரும்பாலும் கோளாறு திட்டத்தில் இருக்கிறது.

ஒப்பிடுவதற்குப் பொதுவான ஓர் அளவு வேண்டும். ஆகவே, 70 கிலோ எடையுள்ள, ஒரே தொடராக ஒழுங்காக 20 தண்டால் எடுக்கக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியில் குடியிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வருபவர், ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலை ஏழரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டியவர் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு திட்டங்களிலும் அவர் ஒரு மாதத்தில் எடுக்கும் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 750 ஆகவே இருக்குமாறு கணக்கை அமைத்திருக்கிறேன். மொத்தம் ஒன்றாக இருக்கும்போதுதான், பங்கிடும் முறையினால் என்ன மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

அதற்கு முன், எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பழைய தேகப்பயிற்சிச் சாலைகளில் பழகிய பெரியவர்கள் எடுக்கும் தண்டால், இடுப்பை உயர்த்தி நின்ற நிலையிலிருந்து உடலை வளைத்துத் தரையை ஒட்டி முன்னே நழுவி, மார்பை நிமிர்த்தி, மறுபடி பின்னே வருவது. இன்று புஷ் அப் என்று இளைஞர்கள் சொல்வது, தலை முதல் குதிகால் வரை பலகைபோல் நேராக வைத்துக்கொண்டு இறங்கி ஏறுவது. முன்னது தோளையும் முதுகையும் அகலமான வீச்சில் வேலை வாங்குகிறது. ஒன்றுக்கு ஆகும் நேரமும் கூடுதல். இரண்டும் நல்லவையே, ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் எந்த ஒப்பீடும் நிற்காது. இந்தக் கட்டுரையில் எண்ணப்படுவது பின்னது: மார்பு தரைக்கு ஒரு கைமுட்டி உயரம்வரை இறங்க வேண்டும், ஏறும்போது முழங்கை முழுமையாக நீள வேண்டும், இடுப்பு தொங்கவோ தூக்கவோ கூடாது. பாதி இறங்கி எழுவதைக் கணக்கில் சேர்க்கும் குழுவில் நூறு எடுப்பவரைவிட, முழுமையாக முப்பது எடுப்பவரே அதிகம் உழைத்திருக்கிறார்.

இப்படி எடுக்கும்போது உடல் எடையில் சுமார் 64 விழுக்காடு கைகளுக்கு வருகிறது என்று அளந்திருக்கிறார்கள். நம் 70 கிலோக்காரருக்கு அது 45 கிலோ. முழங்காலை ஊன்றினால் 49 விழுக்காடாகக் குறைகிறது. கைகளை ஓரடி உயரத்தில் வைத்தால் 55, இரண்டடி உயரத்தில் வைத்தால் 41. மாறாக, கால்களை இரண்டடி உயர்த்தினால் 74. பழைய வீட்டுத் திண்ணை கிட்டத்தட்ட இரண்டடி உயரம் இருக்கும். புதிய வீடுகளில் திண்ணை இல்லாவிட்டாலும் மாடிப்படி இருக்கிறது. கீழிருந்து இரண்டாவது படி ஓரடிக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். தரையில் ஒன்றுகூட எடுக்க முடியாதவர்கள் சவாலில் சேர முடியாது என்பது தவறான எண்ணம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். முழங்கால் ஊன்றுவதைவிடப் படியில் கை வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். உடல் நேராக நிற்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிடும், வலு ஏற ஏற ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கித் தரைக்கு வரலாம்.

இனி திட்டங்கள். முதலாவது நிலையான எண்: நாள்தோறும் 25, முப்பது நாளில் 750. இரண்டாவது ஏறுமுகம்: முதல் நாள் 10, பிறகு நாளுக்கு ஒன்று கூட்டி முப்பதாம் நாள் 39, மொத்தம் 735. மூன்றாவது சிதறல்: எழுந்தவுடன், குளிக்கும் முன், மதியம், வீடு திரும்பியதும், படுக்கும் முன் என ஐந்து வேளை, வேளைக்கு ஐந்து, மீண்டும் நாளுக்கு 25. நான்காவது ஏற்ற இறக்கம்: வாரத்தில் மூன்று நாள் பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, அதாவது 45, மற்ற நான்கு நாளும் பத்து மட்டும். வாரத்துக்கு 175, சராசரி நாளுக்கு 25.

நிலையான எண்ணின் பலம் அதன் எளிமை. யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ‘இருபத்தைந்து முடிந்ததா?’ என்ற ஒரு கேள்வியோடு நாள் முடிந்துவிடும். முதல் வாரத்தில் பதினைந்தும் பத்துமாகப் பிரித்து எடுக்க நேரும் எண், மூன்றாவது வாரத்தில் ஒரே தொடரில் முடிந்துவிட வாய்ப்பு உண்டு. அந்த இடத்திலேயே இதன் குறையும் தொடங்குகிறது. எளிதாகிவிட்ட வேலைக்குத் தசை புதிதாக வளர வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சுற்றின் முடிவில் இன்னும் இரண்டு மூன்றுதான் எடுக்க முடியும் என்ற நிலைக்கு அருகில் போகும்போதுதான் வலு கூடுகிறது. நாள்தோறும் அதே 25 என்பது தொடக்கத்தில் சற்று அதிகமாகவும் முடிவில் சற்றுக் குறைவாகவும் இருக்கும் ஒரு எண்.

இந்த வகையில்தான் ‘தினம் நூறு’ம் அடங்கும். அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். உச்சமே இருபதாக உள்ள ஒருவர், நண்பர்கள் எண்ண எண்ண, முதல் நாளே நூற்றை முடித்துவிடப் பிடிவாதம் பிடித்தால், பழக்கமில்லாத தசைகள் அளவுக்கு மீறிச் சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கை வீங்கி, மடக்க முடியாமல் வலித்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், அது சாதாரண உடல்வலி அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெப்பமும் நீர்ச்சத்துக் குறைவும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன என்பதால், வெயிலுக்குப் பெயர்போன இந்த ஊரில் இது வெறும் பாடப்புத்தக எச்சரிக்கை ஆகாது.

ஏறுமுகத் திட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு அது மிகவும் நிதானமானதாகத் தோன்றும். நாளுக்கு ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம். கூட்டிப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது: முதல் பத்து நாளில் எடுப்பது 145, கடைசிப் பத்து நாளில் எடுப்பது 345. மாதத்தின் உழைப்பில் ஏறக்குறைய பாதி, ஆர்வம் வற்றிப்போகும் கடைசிப் பத்து நாளில் குவிகிறது. மேலும், பதினோராம் நாள் 20 என்ற எண் வந்து அவருடைய உச்சத்தைத் தொடுகிறது. அதுவரை உடம்புக்குப் பெரிய வேலையே இல்லை; அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இளைப்பாறுதல் இல்லை. கடுமையாக உழைத்த தசை தேறுவதற்குப் பொதுவாக இரண்டு நாள் பிடிக்கும். இந்தத் திட்டமோ, தேறுவதற்கு முன்பே முந்தைய நாளைவிட ஒன்று அதிகமாகக் கேட்கிறது. உடம்பு ஒரே சீராக நாளுக்கு ஒன்று என்று வலுப்பெறுவதில்லை. ஒரு வாரம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு, பிறகு திடீரென்று மூன்று நான்கு கூடும். காகிதத்தில் அழகாக ஏறும் கோடு என்பதைத் தவிர இதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் தவறிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியில் இதன் பலவீனம் இன்னும் தெளிவாகிறது. பதினெட்டாம் நாள் காய்ச்சல் என்றால், பத்தொன்பதாம் நாள் 27ஆ, 28ஆ, இரண்டையும் சேர்த்து 55ஆ? நிலையான எண்ணிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது: விட்ட 25ஐ மறுநாள் சேர்த்து 50 எடுப்பவர், மூன்றாம் நாள் வலியால் மீண்டும் விட்டுவிட, பாக்கி கந்துவட்டிபோல் ஏறிக்கொண்டே போகிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அப்படியானால் முப்பது நாள் சவால் என்பது பலருக்குப் பாதி வழிதான். தவறிய நாளுக்கு அபராதம் விதிக்கும் எந்தத் திட்டமும், தீங்கில்லாத ஒன்றைத் தீங்காக்குகிறது. நான்கில் எதைத் தேர்ந்தாலும், பாக்கியை மறுநாளுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதியை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

சிதறல் திட்டம் இந்த இரண்டையும்விட உடம்புக்கு இதமானது. ஐந்து என்பது அவருடைய உச்சத்தில் கால் பங்கு. மூச்சு வாங்காது, வியர்க்காது, ஒவ்வொன்றையும் சுத்தமான வடிவில் எடுக்கலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இந்த மறுபயிற்சி மிகவும் பயன்படும். விடுதி அறையில் இருக்கும் காட்பாடி மாணவருக்கும், வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்பவருக்கும், நாற்காலியை விட்டு எழ ஒரு சாக்காகவும் இது அமையும். ஆனால் தோல் தொழிற்சாலையின் உற்பத்திக் கூடத்திலோ, நேதாஜி மார்க்கெட் கடையிலோ, மருத்துவமனை வார்டிலோ நிற்பவர் மதிய வேளையில் எங்கே படுத்து எடுப்பார்? சட்டையோ சேலையோ அழுக்காகும் என்பது ஒருபுறம், பத்துப் பேர் பார்க்கும் கூச்சம் மறுபுறம். மதியம் விட்டது மாலைக்குச் சேர்கிறது, மாலை விட்டது இரவுக்கு. முடிவில் படுக்கப்போகும் நேரத்தில் பதினைந்தை மொத்தமாக எடுக்கிறார். அப்போது அது சிதறலாகவும் இல்லை, திட்டமாகவும் இல்லை. மேலும், ஐந்து ஐந்தாகவே எடுத்துக்கொண்டிருந்தால் வடிவம் சீராகுமே தவிர, உச்சம் இருபதிலிருந்து இருபத்தைந்தாக உயர்வது மெதுவாகத்தான் நடக்கும்.

நான்காவது திட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். காரணம், ‘நாள்தோறும்’ என்பதும் ‘கடுமையாக’ என்பதும் இரண்டு தனித்தனித் தேவைகள் என்பதை அது மட்டுமே ஒப்புக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்கள் வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாள்கள் முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. தினமும் செய்யச் சொல்லவில்லை. தசைக்கு நாள்தோறும் தண்டால் தேவையில்லை. நாள்தோறும் தேவைப்படுவது பழக்கத்துக்கு. அந்தப் பழக்கத்துக்கு நாற்பத்தைந்தும் பத்தும் ஒன்றுதான், தரையில் கை ஊன்றினோமா என்பதே அதன் கேள்வி. பத்து எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எவ்வளவு தாமதமாக வீடு திரும்பினாலும், பேருந்து எவ்வளவு நெரிசலாக இருந்திருந்தாலும், பத்துக்கு மறுப்புச் சொல்வது கடினம். கடுமையான மூன்று நாள்களும் தசைக்கு உரியவை. பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, இடையே இரண்டு நிமிட ஓய்வு என்றால், இருபதை உச்சமாகக் கொண்டவருக்கு மூன்றாவது சுற்று உண்மையாகவே கடினமாக இருக்கும். அடுத்த நாள் பத்தோடு முடிவதால் தேறுவதற்கும் இடம் கிடைக்கிறது.

இந்தத் திட்டத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு: கடுமையான நாளை ஏமாற்றி இலேசான நாளாக மாற்றிக்கொள்வது மிக எளிது. திங்கள் முடியவில்லை, செவ்வாய் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி வாரம் முழுவதும் பத்திலேயே ஓடிவிடலாம். அதனால் கிழமையை முன்கூட்டியே நிர்ணயித்துவிட வேண்டும். சிப்காட் நண்பருக்கு நான் சொல்வது திங்கள், புதன், வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை பத்து மட்டும். ஆம்பூரா ஆற்காடா என்ற பிரியாணி வழக்கைத் தீர்த்துவிட்டு வருபவரை யாரும் தரையில் நாற்பத்தைந்து எடுக்கச் சொல்லக் கூடாது. ஷிப்டு மாறி மாறி வரும் செவிலியருக்குக் கிழமைக் கணக்கு ஒத்துவராது. இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்த பிறகு வரும் முதல் நாளைக் கடுமையான நாளாக வைத்துக்கொண்டு, இரண்டு கடுமையான நாள்களுக்கு நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டால் போதும்.

இந்த வட்டாரத்து நாட்காட்டியோடு பொருந்துவதிலும் நான்காவதே முந்துகிறது. முப்பது நாளில் ஒரு பௌர்ணமி வந்தே தீரும். திருவண்ணாமலைக்குப் போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து விடியற்காலையில் ஊர் திரும்புபவர், அன்றைக்கு 31 எடுக்க வேண்டும் என்று ஏறுமுகத் திட்டம் சொன்னால் அதைக் கேட்கப்போவதில்லை. பத்து என்றால் எடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். ரமலான் மாதத்தில் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் நோன்பிருக்கும் இளைஞர்களுக்குப் பகலில் தண்ணீரும் இல்லை. அவர்கள் சிதறல் திட்டத்தை வைத்துக்கொள்ளவே முடியாது. இலேசான பத்தை நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பும், கடுமையான சுற்றுகளை நோன்பு திறந்து உணவு செரித்த பிறகு இரவிலும் வைத்துக்கொண்டால் மாதம் முழுவதும் தொடர முடியும்.

வெயில் தனியே பேச வேண்டிய செய்தி. மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் வேலூரில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே அல்ல. நாளெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் இரவு ஒன்பது மணிக்கும் உள்ளங்கையைச் சுடும். அந்த மாதத்தில் மாலைப் பயிற்சி என்ற பேச்சையே விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்குள் தரைத்தள அறையில் முடித்துவிடுவது அறிவுடைமை. மார்கழியில் நிலைமை தலைகீழ்: குளிரில் மூட்டுகள் விறைத்திருக்கும், எழுந்தவுடன் தரையில் விழாமல், தோளையும் மணிக்கட்டையும் சுழற்றி, சுவரில் கை வைத்துப் பத்து எடுத்த பிறகே கீழே இறங்க வேண்டும். சவாலைத் தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், சித்திரையும் வைகாசியும் வேண்டாம் என்பேன்.

வீடா, ஜிம்மா, மைதானமா என்பது இந்தச் சவாலுக்கு அவ்வளவு முக்கியமில்லை. கோட்டைப் பக்கம் காலையில் நடப்பவர்கள் அங்கேயே புல்தரையில் எடுத்துக்கொள்ளலாம். காமன்வெல்த் போட்டிகளில் 2014இலும் 2018இலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தைத் தந்த ஊர் சத்துவாச்சாரி. ஆகவே ‘தண்டால் எதற்கு, பளு தூக்க வா’ என்று அழைப்பவர்களும் இங்கே உண்டு. வலுவே ஒரே நோக்கம் என்றால் அவர்கள் சொல்வது சரி, பளுவைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் ஜிம்முக்குப் போய்வரும் நேரமே பழக்கத்தை முறிக்கும் காரணமாகப் பலருக்கு ஆகிவிடுகிறது. கணக்கு எழுத, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டித் தாள் போதும். தனிச் செயலி தேவையில்லை.

கம்மவான்பேட்டை போன்று வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களிலிருந்து ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் இளைஞர்கள், இந்த நான்கில் எதையும் முதன்மைப் பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. ராணுவ உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டமும், பீமில் தொங்கி உடலை மேலே இழுப்பதும், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதும் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவதும் கயிறு ஏறுவதும் உண்டு. தண்டாலுக்கென்று மதிப்பெண் கிடையாது. அவர்களுக்குத் தினமும் பத்து என்ற இலேசான பகுதி மட்டும் போதும், கடுமையான மூன்று நாள்களைப் பீமுக்கும் கயிற்றுக்கும் ஒதுக்க வேண்டும். மற்றவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது: தள்ளும் வேலையை மட்டும் மாதக்கணக்கில் செய்தால் மார்பு இறுகித் தோள்கள் முன்னே சாயும். கடுமையான நாள்களில் பீமிலோ பூங்காக் கம்பியிலோ தொங்கி இழுக்கும் பயிற்சி இரண்டு சுற்றுச் சேர்த்துக்கொள்வது தோளுக்குப் பாதுகாப்பு.

உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும், இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அவர்கள் ஏறும்போது மூச்சை அடக்கிக்கொள்ளாமல் வெளியே விடுவது மிக முக்கியம். மணிக்கட்டு வலிப்பவர்கள் கைப்பிடி உள்ள கட்டையைப் பயன்படுத்தினால் மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும்.

அமெரிக்காவில் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வை இத்தகைய சவால்களில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 40க்கு மேல் தண்டால் எடுக்க முடிந்தவர்களுக்கு, 10ஐ எட்ட முடியாதவர்களைவிட இதய நிகழ்வுகள் 96 விழுக்காடு குறைவாக இருந்தன என்பது அதன் முடிவு. அங்கே அளக்கப்பட்டது, தொடர்ச்சியாக எத்தனை எடுக்க முடிகிறது என்ற திறன். தினமும் எத்தனை எடுத்தார்கள் என்பதல்ல. தண்டால் எடுத்ததால்தான் நோய் குறைந்தது என்றும் அந்த ஆய்வு நிறுவவில்லை, மொத்த உடல்தகுதியின் அடையாளமாகவே அதைக் கொள்ளலாம். ஆனாலும் நம் சவாலுக்கு அதிலிருந்து ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது: மாத மொத்தம் 750 ஆனதா என்று பார்ப்பதைவிட, உச்சம் 20இலிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது பொருளுள்ளது.

ஆகவே முப்பதாம் நாளைப் பத்தோடு முடித்துவிட்டு, மறுநாள் காலை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, வடிவம் கெடாமல் ஒரே தொடரில் எத்தனை முடிகிறது என்று ஒருவரை எண்ணச் சொல்லி எடுத்துப் பார்க்க வேண்டும். 25க்கு மேல் வந்தால், அடுத்த மாதத்தின் கடுமையான சுற்றுகளைப் பதினெட்டு அல்லது இருபதாக உயர்த்தலாம். இலேசான நாள்கள் பத்திலேயே இருக்கட்டும். உச்சம் நகரவில்லை என்றால் எண்ணைக் கூட்டக் கூடாது: கடுமையான நாள்களில் ஒரு சுற்றை மட்டும் பாதங்களைப் படியில் உயர்த்தி எட்டு எட்டாக எடுத்து, மீதி இரண்டு சுற்றையும் பழையபடி தரையில் எடுத்துக்கொண்டு, இன்னும் நான்கு வாரம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கலாம்.